எட்டுக் கிலோ எடை எங்கே போயிற்று?

விளையாட்டு வீரர் ஒருவர் ஆட்டம் தொடங்குமுன் எடை பார்த்துக்கொள்கிறார். மூன்று மணி நேரம் கழித்து மீண்டும் எடை பார்க்கிறார். 8 கிலோ குறைந்திருக்கிறது! நம்புவதற்குக் கடினமாக இருக்கிறதல்லவா? 1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் இப்படி எடை இழந்தவர்கள் இருந்தார்கள்.

அமெரிக்கக் கால்பந்து நாம் ஆடும் கால்பந்து போன்றதன்று. பந்து நீள்உருண்டை வடிவில் இருக்கும். அதைக் கையால் எறிவார்கள். கையில் ஏந்திக்கொண்டு ஓடுவார்கள். எதிரணியினர் மோதித் தள்ளித் தடுப்பார்கள். அடிபடாமலிருக்கத் தலைக்கவசமும், தோளில் தடித்த மெத்தைகளும் அணிந்திருப்பார்கள். ஆட்டப் பருவம் செப்டம்பரில் தொடங்கும். அப்போது ஃபுளோரிடாவில் வெயிலும் மிகுதி. காற்றில் ஈரப்பதமும் மிகுதி.

அணியின் உதவிப் பயிற்சியாளர் டுவேன் டக்ளஸ், அதே பல்கலைக்கழகத்தின் சிறுநீரக மருத்துவ அறிஞர் டாக்டர் ராபர்ட் கேடின் குழுவினரிடம் ஒரு கேள்வியை எழுப்பினார். ஆட்ட நாளில் வீரர்கள் சிறுநீர் கழிப்பதே இல்லையே, ஏன்? வேடிக்கையாகத் தோன்றும் இக்கேள்வியை அவர்கள் சிரித்து ஒதுக்கிவிடவில்லை. விடை காண முற்பட்டார்கள்.

வெப்பத்தின் கணக்கு

தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. எஞ்சியது முழுவதும் வெப்பம். அதை வெளியேற்றாவிட்டால் உடலின் வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். வெளியேற்றும் வழிதான் வியர்வை.

நீர் ஆவியாக உள்ளுறை வெப்பம் தேவை என்று நீங்கள் படித்திருப்பீர்கள். தோலின் வெப்பநிலையில் ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். அப்படியானால் ஒரு லிட்டர் வியர்வை 5,80,000 கலோரியை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். 20 டிகிரி செல்சியஸில் உள்ள 7 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த வெப்பம் போதும்!

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வியர்வை ஆவியாக வேண்டும். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் ஆவியாதல் மெதுவாகவே நடக்கும். கவசமும் மெத்தையும் உடலை மூடியிருந்தால் கேட்கவே வேண்டாம். வியர்வை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும். உடலுக்கு நீர் நட்டம், குளிர்ச்சியோ இல்லை. உடல் இன்னும் அதிகமாக வியர்க்கும். எட்டுக் கிலோ போன வழி இதுதான். நீர் குறைந்த நிலையில், சிறுநீரகம் இருக்கும் நீரைக் காக்க முயல்கிறது. ஆகவே சிறுநீர் பிரிவதில்லை.

இரத்தத்தின் அளவு குறையும்போது இதயம் திணறுகிறது. உடல் வெப்பநிலை கட்டுமீறினால் வெப்பத் தாக்கு உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். அக்காலத்தில் பயிற்சியாளர் பலர், ஆட்டத்தின் நடுவே நீர் குடித்தால் வயிற்றுப் பிடிப்பு வரும், வீரம் குன்றும் என்று எண்ணி நீரைத் தடுத்து வந்தனர். வெயிலைவிடக் கொடியது இந்த நம்பிக்கை!

உப்பும் சர்க்கரையும்

கேட் குழுவினர் முதலாண்டு மாணவர் அணியை ஆராய்ந்தனர். வியர்வையோடு சோடியம் உப்பும் வெளியேறியிருந்தது. இரத்தத்தின் கன அளவும் குறைந்திருந்தது. நீரோடு உப்பையும் ஈடுசெய்ய வேண்டும் என்பது தெளிவாயிற்று.

சர்க்கரை எதற்கு? 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற அறிஞர் ஓர் உண்மையை எடுத்துரைத்திருந்தார். சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுகோசும் இணைந்தே உள்ளே செல்கின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து சவ்வூடு பரவலால் நீரும் செல்கிறது. குளுகோசு தசைகளுக்கு எரிபொருளுமாகிறது. ஆகவே நீர், உப்பு, சர்க்கரை கலந்த பானம் ஒன்றைத் தயாரித்தார்கள். வாயில் வைக்க முடியவில்லை! எலுமிச்சைச் சாறு சேர்க்கலாமே என்றார் கேடின் மனைவி. அதன்பிறகே அது குடிக்கக்கூடியதாயிற்று. ‘கேட்டர்ஸ்’ என்பது அணியின் பெயர். அமெரிக்க முதலை இனமான அலிகேட்டரைக் குறிப்பது. பானம் ‘கேட்டரேட்’ ஆயிற்று.

1965 அக்டோபர் தொடக்கத்தில் ஒரு பயிற்சி ஆட்டம். பானம் குடித்த முதலாண்டு அணி முற்பாதியில் பின்தங்கியிருந்தது. பிற்பாதியில் எதிரணி களைத்துப்போக, இது முந்திவிட்டது. தலைமைப் பயிற்சியாளர் ரே கிரேவ்ஸ் மறுநாள் நடக்கவிருந்த பெரிய ஆட்டத்துக்கும் அதைக் கேட்டார். லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியை ஃபுளோரிடா 14–7 என்று வென்றது. 1966-ஆம் ஆண்டுப் பருவத்தில் 11 ஆட்டங்களில் 9 வெற்றி. 1967 ஜனவரியில் ஆரஞ்சு பௌல் போட்டியில் ஜார்ஜியா டெக் அணியை 27–12 என்று வீழ்த்தியது.

வெற்றி சான்றாகுமா?

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பானம்தான் கோப்பையைப் பெற்றுத் தந்ததா? அந்த அணியில் ஸ்டீவ் ஸ்பரியர் என்ற ஈடிணையற்ற ஆட்டக்காரர் இருந்தார். 1966-இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் பரிசு பெற்றவர் அவர். வெற்றிக்குக் காரணங்கள் பல. ஒன்றை மட்டும் பிரித்தறிய, மற்றவை மாறாதிருக்கும் சோதனை வேண்டும். ஆடுகளத்தில் அது நடவாது. கேட் குழுவின் முடிவுக்கு உண்மையான ஆதாரம் ஆட்டப் புள்ளிகள் அல்ல. எடைப் பொறியும் இரத்தப் பரிசோதனையும்தாம்.

உப்பும் குளுகோசும் இணைந்து செல்லும் அதே உண்மையை வேறு அறிஞர்கள் காலராவை எதிர்க்கப் பயன்படுத்தினர். 1971-இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தார். அக்கரைசலின் அளவுகள் வேறு. விளையாட்டுப் பானம் அதற்கு மாற்றாகாது.

மாணவ நண்பர்களே! வெயிலில் ஆடும்போது தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடையிடையே நீர் அருந்துங்கள். சாதாரண ஆட்டத்துக்கு நீரும், பிறகு உண்ணும் உணவிலுள்ள உப்புமே போதும். வெயிலில் ஆடும் நண்பன் தடுமாறினாலோ, குழறிப் பேசினாலோ, உடனே நிழலுக்குக் கொண்டுசென்று உடலை நீரால் நனைத்து விசிறுங்கள். தாமதியாமல் மருத்துவரிடம் சேருங்கள். விசிறுவது ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்!