ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் ஸ்பீக்கரும் அப்பாவின் காதும்

ஆறு மாதமாக என் லேப்டாப்பில் ஒரு டேப் மூடப்படாமலேயே கிடந்தது. ஒரு ஜோடி ஸ்பீக்கர், விலை 1,40,000 ரூபாய். ராத்திரி வேலை முடிந்ததும் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஏற்கனவே ஒரு ஜோடி இருக்கிறது. வாங்கி நாலு வருஷம்தான் ஆகிறது, குறை ஒன்றும் கிடையாது. "அப்புறம் எதுக்கு?" என்று மனைவி கேட்டபோது "டீட்டெயில் இன்னும் நல்லா வரும்" என்றேன். எந்த டீட்டெயில் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

அப்பா இதற்கு நேர் எதிர். அவருடைய சங்கீதம் முழுக்க திருச்சி வானொலி. 1939 மே 16-ல் தொடங்கிய நிலையம், மத்திய அலையில் 936 கிலோஹெர்ட்ஸ். மத்திய அலையில் நம் பக்கத்தில் ஒரு நிலையத்துக்கும் அடுத்ததுக்கும் 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. பக்கத்து நிலையத்தின் சத்தம் உள்ளே வராமல் இருக்க ரேடியோப் பெட்டி கிட்டத்தட்ட 4.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிற ஒலியை எல்லாம் வெட்டிவிடும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதில் கால்பங்குகூட வராத ஒலியில் அப்பா ஐம்பது வருஷம் கச்சேரி கேட்டார், பாடகர் வாயைத் திறந்த அரை நிமிஷத்தில் ராகத்தைச் சொன்னார். போதும் என்ற மனசுக்கு உதாரணம் வேண்டுமென்றால் வீட்டிலேயே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதி தப்பு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை வளர்த்த சாமியார் கதை எல்லோருக்கும் தெரியும். பூனைக்குப் பால் வேண்டும், பாலுக்குப் பசு, பசுவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண், கடைசியில் ஆள் முழு சம்சாரி. ஆடியோவில் இது அப்படியே நடக்கும். புது ஸ்பீக்கர் வந்தால் ஆம்ப்ளிஃபையர் போதாது, அதை மாற்றினால் டிஏசி பழசாகத் தெரியும், அப்புறம் கேபிள், ஸ்டாண்ட். பிரெஞ்சு எழுத்தாளர் தெனி திதரோ 1769-ல் இதையே எழுதினார். அவருக்குப் புது அங்கி ஒன்று வந்தது, அதன் பக்கத்தில் அறையில் இருந்த மற்ற சாமான்கள் எல்லாம் மட்டமாகத் தெரிந்தன, ஒவ்வொன்றாக மாற்றினார். கிராண்ட் மெக்கிராக்கன் என்ற மானுடவியலாளர் 1988-ல் இதற்கு 'திதரோ விளைவு' என்று பெயர் வைத்தார். நம்ம ஊர்ப் பூனைக்கு அந்த யோகம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். தில்லைநகர் நண்பர் ஒருவர் தன் ஆம்ப்ளிஃபையரைக் கொடுத்து "ஒரு வாரம் வெச்சுக் கேளு" என்றார். என்னுடையதைப் போல ஐந்து மடங்கு விலை. முதல் ராத்திரியே வித்தியாசம் தெரிந்தது. வயலின் கிட்டே வந்து உட்கார்ந்த மாதிரி, மிருதங்கத்துக்கு உயிர் வந்த மாதிரி. மனைவியைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். "ஆமா, நல்லாருக்கு" என்றாள்.

மறுநாள் இஞ்சினியர் புத்தி முழித்துக்கொண்டது. இரண்டு பெட்டியிலும் 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டி, ஸ்பீக்கர் முனையில் மல்ட்டிமீட்டரை வைத்தேன். (அதிர்வெண் ரொம்ப அதிகமானால் மலிவு மல்ட்டிமீட்டர் ஏசி வோல்டேஜைச் சரியாகக் காட்டாது, அதனால்தான் 400.) இரண்டும் ஒரே சத்தம் என்று நான் காதால் வைத்திருந்த இடத்தில், நண்பருடைய பெட்டி 8 சதவீதம் அதிக வோல்டேஜ் கொடுத்துக்கொண்டிருந்தது. டெசிபெல்லில் சொன்னால் கிட்டத்தட்ட 0.7. இவ்வளவு சின்ன வித்தியாசத்தைச் 'சத்தம் கூட' என்று காது எடுத்துக்கொள்ளாது, 'தரம் கூட' என்று எடுத்துக்கொள்ளும். கடையில் இரண்டு பெட்டியை மாற்றி மாற்றிக் கேட்கப் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

வோல்டேஜைச் சமமாக்கினேன். மகள் வயரை மாற்ற, நான் திரும்பி உட்கார்ந்து எது எந்தப் பெட்டி என்று 20 தடவை சொன்னேன். 11 சரி. நாணயம் சுண்டியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். தாளைக் காட்டும்போது மகள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

இந்த விஷயத்தில் நான் தனியாள் இல்லை. பிராட் மேயர், டேவிட் மோரன் என்ற இருவர் 2007-ல் ஆடியோ இஞ்சினியரிங் சொசைட்டியின் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவை நேராக ஒருமுறை, அதையே சிடி தரத்துக்கு இறக்கி ஒருமுறை போட்டுக் காட்டினார்கள். 554 முயற்சிகளில் 276 சரி, 49.8 சதவீதம். பயன்படுத்திய தட்டுகள் எல்லாமே நிஜமான உயர்தரப் பதிவுகள்தானா என்று பிறகு கேள்வி எழுந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். வால்யூமை மிக அதிகமாக வைத்து, பாட்டு ஓய்ந்த இடத்தில் காது கொடுத்தபோது மட்டும் சிடி தரத்தின் இரைச்சல் பிடிபட்டது.

அந்த இரைச்சல் என் வீட்டில் கேட்குமா? சிடியின் 16 பிட்டுக்கு ஒலி வீச்சு 96 டெசிபெல். 24 பிட்டுக்கு ஏட்டளவில் 144. எங்கள் ஹாலில் ஃபேன் மூன்றில் ஓடினால் போன் ஆப் 45 டெசிபெல் காட்டுகிறது. அதற்குக் கீழே போகிற நுணுக்கம் பெரும்பாலும் ஃபேனுக்குத்தான் கேட்கும். திருச்சியில் சித்திரை மாதம் ஃபேனை நிறுத்திவிட்டு சங்கீதம் கேட்கிற அளவுக்கு நான் ரசிகன் இல்லை.

உண்மையான குறை ஹாலில் இருந்தது. 11 அடி அகலம், டைல்ஸ் தரை, வெறும் சுவர். நம்ம வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். அதை அகலத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 52 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண் இரண்டு சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நின்றுவிடும். சுவரோரம் உட்கார்ந்தால் தொம் தொம், சரியாக நடுவில் உட்கார்ந்தால் காணாமலே போகும். பாஸ் கிதாரின் அடி ஸ்வரங்கள் எல்லாம் இந்தப் பகுதியில்தான். எத்தனை லட்சம் போட்டு ஸ்பீக்கர் வாங்கினாலும் சுவர் நகராது. ஸ்பீக்கரைப் பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்தேன், நாற்காலியை நடுவிலிருந்து தள்ளிப் போட்டேன், எதிர்ச்சுவரில் புத்தக அலமாரியை வைத்தேன். பவானி ஜமுக்காளத்தைச் சுவரில் மாட்டியும் பார்த்தேன். மேல் ஸ்தாயி எதிரொலி கொஞ்சம் குறைந்தது. பாஸ் அசையவில்லை, 52 ஹெர்ட்ஸின் கால் அலைநீளமே ஒன்றரை மீட்டருக்கு மேல், அதை ஜமுக்காளம் என்ன செய்யும்? செலவு ஒன்றுமில்லை. நாலு வருஷத்தில் அந்த ஹாலில் கேட்ட பெரிய முன்னேற்றம் இதுதான்.

டேபை மூடினேன். 'இருப்பதே போதும்' என்று ஒரு கட்டுரை எழுத உத்தேசம். அதில் கதாநாயகன் அப்பா. இந்தச் சோதனைகளை எல்லாம் அவரிடம் விவரமாகச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அப்புறம் மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வந்தது. இராப்பத்து நாட்களில் நம்பெருமாள் ஆயிரங்கால் மண்டபத்திலிருந்து ராத்திரி வீணை வாத்தியத்தோடு மூலஸ்தானம் திரும்புவார். எல்லா மேளமும் ஓய்ந்த பிறகு அந்த வீணை. சின்ன வயசில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கேட்க வைத்தவர் அப்பா. இந்த முறை நான் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். திரும்பி வரும்போது சொன்னார்: "வீணையெல்லாம் முன்ன மாதிரி இல்லடா. இப்பல்லாம் சத்தமே இல்லாம வாசிக்கறாங்க."

எனக்கு நன்றாகக் கேட்டது.

அடுத்த வாரம் ஆடியோகிராம் எடுத்தோம். 1 கிலோஹெர்ட்ஸ் வரை பரவாயில்லை. 2-ல் சரிய ஆரம்பித்து, 4-ல் 60 டெசிபெல் இழப்பு, 8-ல் அதைவிட மோசம். வயதால் வரும் செவித்திறன் குறைவு மேல் அதிர்வெண்ணிலிருந்துதான் தொடங்கும். உள்காதின் நத்தைக்கூட்டில் உயர் அதிர்வெண்ணுக்கான செல்கள் வாசல் பக்கம் இருக்கின்றன, முதலில் தேய்வதும் அவைதான். அந்த வளைகோட்டைப் பார்த்ததும் மத்திய அலை ரேடியோ ஞாபகம் வந்தது. 936-ல் கேட்டே பழகினவருக்குத் தன் காதும் 936 ஆகிப்போனது தெரியவில்லை. அவருடைய திருப்தி என்று நான் மெச்சிக்கொண்டதில் எத்தனை பங்கு திருப்தி, எத்தனை பங்கு கேட்காமை? காதில் விழாததற்கெல்லாம் தலையாட்டப் பழகியிருந்தார். என் ஆம்ப்ளிஃபையர் பிரசங்கத்துக்கும் அப்படித்தான் ஆட்டியிருக்கிறார்.

ஸ்பீக்கர் பணம் ஹியரிங் எய்டுக்குப் போனது. "எனக்கு எதுக்குடா, இருக்கறதே போதும்" என்றார். நான் எழுத நினைத்த கட்டுரையின் தலைப்பு.

ஹியரிங் எய்ட் பேச்சுக்காகச் செய்த கருவி. மெல்லிய ஒலியைத் தூக்கும், பெரிய ஒலியை அமுக்கும். தன் சத்தமே தன் மைக்கில் ஏறி 'கூ' என்று கத்தாமல் இருக்க உள்ளே ஒரு தடுப்பும் உண்டு. மாறாமல் நீளுகிற ஸ்வரம் ஒன்று வந்தால் அதையும் அந்தக் 'கூ' என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். கர்நாடக சங்கீதத்தில் மாறாமல் நீளுவது எது? தம்புரா! முதல் நாளே அப்பா "சுருதி ஆடறது" என்றார். பழக்கதோஷம், நான் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டேன். பிறகு ஆடியாலஜிஸ்ட்டிடம் போய்ச் சொன்னதும் இசைக்கென்று தனியாக ஒரு ப்ரோக்ராம் போட்டுக் கொடுத்தார்: அந்தத் தடுப்பும் இரைச்சல் நீக்கமும் நிறுத்தி, அமுக்கலைக் குறைத்து. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பாட்டு கேட்பவர்கள் என்றால் முதல் நாளே இதைக் கேட்டு வாங்குங்கள். தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே செருகுகிற நூல், ஜீவாளி, எழுப்பும் ரீங்காரம் பெரும்பாலும் மேல் ஹார்மோனிக்ஸ். அப்பாவுக்கு அது வருஷக்கணக்காக இல்லாமலே இருந்திருக்கிறது. கருவி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடாது, கொஞ்சம் கொடுக்கும்.

அந்த ப்ரோக்ராமில், அதே நாலு வருஷப் பழைய ஸ்பீக்கரில் லால்குடி ஜெயராமன் வயலினைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிஷம் இருக்கும். கண்ணைத் திறந்து மேலே பார்த்தார்.

"இந்த ஃபேன் எப்பவுமே இப்படித்தான் கத்துமா?"

ஆமாம் என்றேன்.

"எப்படிடா இத்தனை நாள் இதோட பாட்டு கேட்டே? மாத்து அதை."

இப்போது லேப்டாப்பில் திறந்திருக்கும் டேபில் சத்தம் குறைந்த சீலிங் ஃபேன்கள் மூன்று.