12 புத்தகங்கள், 10 தந்திகள்: ஆன்ஃபெல்ட் கணக்கு

ஆஸ்கார் ஆன்ஃபெல்ட் 1813 மே 21 அன்று ஸ்வீடனின் தென்கோடியான ஸ்கோனே மாகாணத்தில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தார். கார்ல்ஸ்ஹாம்ன் நகரில் 1882 அக்டோபர் 22 அன்று இறந்தார். வயது 69.

அவருடைய மூலதனம் ஒரு கிட்டார். மற்றவர்களுக்கு 6 தந்திகள் என்றால் அவருக்கு 10. 1840இல் இசை படிக்க ஸ்டாக்ஹோம் வந்தவர், இசை ஆசிரியராகவும் இருந்தார். அங்கே ரோசேனியுஸ் என்ற பிரசங்கியாரின் நட்பு கிடைத்தது. அவரோடு சேர்ந்து வீடுகளில் கூடிய ஜெபக்கூட்டங்களில் பாடத் தொடங்கினார்.

அன்று அப்படிக் கூடுவதே குற்றம். குடும்பத்தார் அல்லாதவர்கள் ஆலயத்துக்கு வெளியே வழிபாட்டுக்குக் கூடக்கூடாது என்று 1726இல் போட்ட சட்டம் 132 ஆண்டுகள் நீடித்தது. அபராதம், சிறை, நாடுகடத்தல் வரை தண்டனை. 1858இல் அது நீங்கியபோது ஆன்ஃபெல்ட்டுக்கு வயது 45. அவருடைய பாட்டுப் பணியில் ஏறக்குறைய பாதி அந்தச் சட்டத்தின் கீழேதான் நடந்தது.

திருச்சபையின் அதிகாரபூர்வப் பாடல் புத்தகம் 1819இல் வந்தது. மொத்தம் 500 பாடல்கள். 1937 வரை அதுவே புழக்கத்தில் இருந்தது. புதிய பாடல்களுக்கு அதில் இடமில்லை. ஆகவே தனியாக அச்சிட வேண்டியிருந்தது, அதற்குப் பணம் வேண்டியிருந்தது. 1850இல் வந்த ஆன்ஃபெல்ட்டின் முதல் பாடல் புத்தகத்தின் அச்சுச் செலவை ஏற்றவர் புகழ்பெற்ற பாடகி யென்னி லிண்ட். ஸ்வீடிஷ் பக்தி இசைக்காகச் செலவான பணத்தில் இதைவிடப் பலன் தந்த தொகை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 1877க்குள் 12 புத்தகங்கள் வந்தன; சராசரியாக இரண்டே கால் ஆண்டுக்கு ஒன்று.

அவற்றின் பெரிய வரவு பாடலாசிரியை லீனா சாண்டெல். 1858இல் வெட்டர்ன் ஏரியில் படகிலிருந்து தவறி விழுந்து தந்தை மூழ்கியதைக் கண்ணெதிரே பார்த்தவர். அப்போது அவருக்கு வயது 25. 'ஒரு நாள், ஒரு கணம்' என்று தொடங்கும் அவருடைய பாடல் 1865இல் எழுதப்பட்டது. 7 ஆண்டுகள் கழித்து, 1872இல், ஆன்ஃபெல்ட்டின் மெட்டு அதற்குக் கிடைத்தது. தன் பாடல்களை மக்கள் நெஞ்சில் பாடிப் பதித்தவர் ஆன்ஃபெல்ட்தான் என்று சாண்டெல்லே சொல்லியிருக்கிறார். அந்த நன்றி நியாயமானது. ஊர் ஊராக, நார்வே வரைக்கும் கிட்டாரைச் சுமந்து போகாமல் அச்சுப் புத்தகம் மட்டும் அதைச் செய்திருக்காது.

1986இல் வந்த ஸ்வீடிஷ் பாடல் புத்தகத்தில் 700 பாடல்கள் உண்டு. முதல் 325 பல சபைகளுக்கும் பொதுவானவை. அவற்றில் 249ஆம் எண் 'ஒரு நாள், ஒரு கணம்'. மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த மெட்டை ஒருமுறை கேளுங்கள்.