வாழை விழுந்த திசை

கோடையில் திருச்சியைச் சுற்றிக் காவிரிக்கரையில் எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மதியம் வரை 40 டிகிரி வெயில். நான்கு மணிக்கு மேல் வானம் கறுக்கும். முதலில் புழுதி வரும், பின்னாலேயே காற்று, அதற்கப்புறம்தான் மழை. ஓய்ந்து பார்த்தால் ஜீயபுரத்திலோ தொட்டியத்திலோ லால்குடிப் பக்கமோ தார் விட்ட வாழை ஏக்கர் கணக்கில் தரையில் கிடக்கும். அடுத்த தோட்டத்தில் ஓர் இலைகூடக் கிழிந்திருக்காது. கிராம நிர்வாக அலுவலர் வந்து எத்தனை ஏக்கர், பூவனா நேந்திரனா, எத்தனை மாதப் பயிர் என்று கணக்கெடுப்பார். 'சூறைக்காற்றில் வாழைகள் நாசம்' என்று செய்தி வரும். வந்தது எந்த வகைக் காற்று என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இடிமேகத்திலிருந்து இரண்டு விதமாகக் காற்று தாக்கலாம். ஒன்று, மழையோடு குளிர்ந்து கனத்த காற்று மேலிருந்து மொத்தமாகக் கீழே விழுந்து, தரையில் மோதி நாலா பக்கமும் சிதறுவது. நம் ஊர்ச் சேதங்களில் பெரும்பகுதி இதன் வேலையாகத்தான் இருக்க வேண்டும். மற்றொன்று, மேகத்துக்கும் தரைக்கும் நடுவே தூணாகச் சுழல்வது. டொர்னாடோ என்று நாம் செய்திகளில் படிப்பது இதைத்தான். அமெரிக்காவின் சமவெளிகளுக்கே உரியது என்ற எண்ணம் நமக்கு உண்டு. ஆனால் 1978 மார்ச் 17 அன்று டெல்லியில் பல்கலைக்கழக வளாகப் பகுதியைத் தாக்கி 28 பேரைக் கொன்றதும், 2024 மார்ச் 31 அன்று மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரியில் வீடுகளைப் பிய்த்தெறிந்ததும் இதுதான். உலகிலேயே அதிக உயிர்களைப் பலிகொண்ட டொர்னாடோ 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தில் வீசியது. சுமார் 1,300 பேர் இறந்தார்கள்.

கஜா புயலை நாட்கணக்கில் முன்கூட்டியே சொன்னார்களே, இதைச் சொல்ல முடியாதா என்று கேட்கலாம். கஜா நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ளது. 2018 நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடப்பதற்கு முன் பல நாட்கள் கடலில் நகர்ந்துகொண்டிருந்தது. டொர்னாடோவின் அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். பல டொர்னாடோக்கள் பத்து நிமிடம்கூட நீடிப்பதில்லை. டாப்ளர் ரேடார் தன்னைச் சுற்றியுள்ள வானத்தை அடுக்கடுக்காக ஒருமுறை துழாவி முடிக்கவே ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகிறது. இரண்டு சுற்றுகளுக்கு நடுவே பிறந்து மறைந்துவிடும் காற்றை எப்படிப் பிடிப்பது?

திருச்சிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இங்கே ரேடார் இல்லை. பக்கத்தில் இருப்பது காரைக்காலில், நேர்க்கோட்டில் சுமார் 125 கி.மீ. தூரம். ரேடாரின் அலைக்கற்றை நேராகப் போகிறது, பூமியோ வளைந்து கீழே இறங்குகிறது. அரை டிகிரி கோணத்தில் காரைக்காலிலிருந்து கிளம்பும் கற்றை ஸ்ரீரங்கத்துக்கு மேலே வரும்போது தரையிலிருந்து ஏறத்தாழ 2 கி.மீ. உயரத்தில் இருக்கும். ராஜகோபுரத்தின் 236 அடியை ஒன்றின்மேல் ஒன்றாகச் சுமார் 28 முறை அடுக்கினால் வரும் உயரம் அது. அதற்குக் கீழே ஸ்ரீரங்கம் தீவில் என்ன நடந்தாலும் அந்த ரேடாருக்குத் தெரியாது. உயரம் போதாதென்று கற்றையும் விரிந்துகொண்டே போகிறது. ஒரு டிகிரி அகலமுள்ள கற்றை இங்கு வந்து சேரும்போது 2 கி.மீ.க்கும் மேல் பருத்திருக்கும். நூறு மீட்டர் அகலச் சுழற்சியில் ஒரு பாதி ரேடாரை நோக்கி வரும், மறு பாதி விலகிப் போகும். அவ்வளவு பருத்த கற்றைக்குள் இரண்டும் கலந்து, ஒன்றை ஒன்று அழித்துவிடும். சென்னை ரேடாரை நம்பலாமென்றால் அது 300 கி.மீ. தள்ளியிருக்கிறது. அதன் கற்றை இங்கே 8 கி.மீ. உயரத்தில் போகும்.

அருகில் ரேடார் இருந்தாலும் எல்லா டொர்னாடோவும் சிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். பிரம்மாண்டமான இடிமேகம் தானே மெல்லச் சுழலத் தொடங்கி, அந்தச் சுழற்சி கீழே இறங்கினால், தரையைத் தொடுவதற்கு முன்பே மேகத்துக்குள் அடையாளம் தெரியும். 1973-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் உள்ள யூனியன் சிட்டியில் டாப்ளர் ரேடார் அப்படித்தான் முதல் தடயத்தைக் காட்டியது. அத்தனை வசதி இருந்தும் அந்நாட்டில் டொர்னாடோ எச்சரிக்கைகளில் பத்துக்கு ஏழு பொய்த்துப்போகின்றன. வேறொரு வகை அதைவிடச் சிக்கலானது. எதிரெதிர்க் காற்றுகள் தரையில் சந்திக்கும் கோட்டில் சின்னச் சின்னச் சுழிகள் எழும். அவற்றின் தலைக்கு மேலேயே ஒரு மேகம் வேகமாக வளர்ந்தால், ஒரு சுழியை மேலே இழுத்து மெலிதாக்கி முடுக்கிவிடும். இது கீழிருந்து மேலே வளர்வது. மேகத்தில் முன்னறிகுறி எதுவும் இராது. மழைவரிசைக்குள் ஒளிந்து பிறக்கும் இன்னொரு வகை கண்ணுக்குக்கூடத் தெரியாது.

மேகத்தையே சுழல வைக்க, தரைக்காற்றுக்கும் மேல்காற்றுக்கும் வேகத்திலும் திசையிலும் பெரிய வேறுபாடு வேண்டும். வங்காளத்தில் சித்திரை மாதத்தில் அது உண்டு, நமக்குக் குறைவு. ஆனால் காற்றுகள் சந்திக்கும் கோடு நம்மிடம் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூரைத் தாண்டி வரும் மேற்குக் காற்றும், டெல்டாவைக் கடந்து மாலையில் உள்ளே நுழையும் கடற்காற்றும் முட்டிக்கொள்ளும் உள்நாட்டில்தான் திருச்சி இருக்கிறது. எனவே இங்கு வந்தால் வரக்கூடியது, கண்டுபிடிக்க மிகக் கடினமான அந்தக் கீழிருந்து வளரும் வகைதான் என்று நினைக்கிறேன். வந்திருக்கிறதா என்பதற்குச் சாட்சி ரேடாரில் கிடைக்காது. தோட்டத்தில் கிடைக்கலாம்.

ஜப்பானில் பிறந்து சிகாகோவில் பணியாற்றிய ஃபுஜிதா என்ற விஞ்ஞானி இதற்கு வழிகாட்டி. 1974 ஏப்ரலில் அமெரிக்காவில் இரண்டே நாட்களில் 148 டொர்னாடோக்கள் வீசியபின் அவர் விமானத்தில் பறந்து சேதங்களைப் படமெடுத்தார். ஓரிடத்தில் காட்டு மரங்கள் சுழன்று விழாமல், ஒரு மையத்திலிருந்து வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்தன. 1945-ல் நாகசாகியில் அணுகுண்டுச் சேதத்தை ஆராய்ந்தபோது பார்த்த அதே கோலம். மேலிருந்து காற்று விழுந்து சிதறியிருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். 1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கில் தரையிறங்கும்போது 113 உயிர்களைப் பலிகொண்ட விமான விபத்துக்கும் அதுவே காரணம் என்றார். சந்தேகப்பட்டவர்கள் பிறகு ஏற்றுக்கொண்டார்கள். இன்று உலகெங்கும் விமானிகளுக்கு அதைச் சமாளிக்கப் பயிற்சி தரப்படுகிறது. விழுந்த மரங்களின் திசையைப் படித்ததில் கிடைத்த அறிவு அது.

வாழையைவிட இதற்கு வாகான மரம் எது? அதன் தண்டு மரமே அல்ல, இலைமடல்கள் ஒன்றையொன்று சுற்றி நிற்பது. தார் கனத்த வாழை மணிக்கு 60 கி.மீ. காற்றுக்கே ஒடியும். ஆகவே காற்றின் பலத்தை அளக்க அது உதவாது, திசையைச் சொல்லும். வரிசையாக, சம இடைவெளியில், ஏக்கருக்கு ஏறத்தாழ ஆயிரம் கன்று நட்டிருப்பதால் பரப்பு முழுவதும் சொல்லும். வெளிநோக்கி விரிந்து கிடந்தால் மேலிருந்து விழுந்த காற்று. ஒடுங்கிய நீளப் பாதையில் இரு பக்கத்து மரங்களும் உள்நோக்கிக் குறுக்கும் மறுக்குமாக விழுந்திருந்தால் சுழற்சி. தார் தொங்கும் பக்கமாகவும், முட்டுக் கொடுத்த கட்டைக்கு எதிர்ப்பக்கமாகவும் சில மரங்கள் சாயும் என்பதால் பத்து மரத்தை வைத்து முடிவுக்கு வரக்கூடாது, தோட்டம் முழுவதையும் பார்க்க வேண்டும்.

ஏற்காட்டிலும் ராமநாதபுரத்திலும் ரேடார் அமைக்கத் தமிழக அரசு திட்டமிட்டது. திருச்சியிலிருந்து ஏற்காடு 120 கி.மீ., ராமநாதபுரம் 160 கி.மீ. அளவில் இருக்கின்றன. ஏற்காடு மலைமேல் இருப்பதால் கற்றையைக் கீழ்நோக்கிச் சாய்க்காவிட்டால் காரைக்கால் காட்டுவதைவிட உயரத்தில்தான் அது நம்மைக் கடக்கும். சென்னை பள்ளிக்கரணையில் உள்ளதைப்போல் குறைந்த தூரத்தை நுணுக்கமாகப் பார்க்கும் எக்ஸ் பேண்ட் ரேடார் ஒன்று திருச்சிக்கு வேண்டும். வானிலைக் கணிப்பை மேம்படுத்த ரூ. 2,000 கோடியில் மிஷன் மௌசம் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் தந்திருக்கிறது. வாழை விவசாயிகள் அதில் பங்கு கேட்பது நியாயம். 'மணிக்கு 30 முதல் 40 கி.மீ. வேகத்தில் பலத்த காற்றுடன்' என்று மாவட்டம் முழுமைக்கும் சேர்த்துச் சொல்லும் மூன்று மணி நேர முன்னறிவிப்பை வைத்து, எந்தத் தோட்டத்துக்கு முட்டுக் கொடுப்பது என்று எவராலும் தீர்மானிக்க முடியாது.

ரேடார் வரும்வரை ஒரு வேலையை நாமே தொடங்கலாம். கிராம நிர்வாக அலுவலரின் கணக்கெடுப்பில் 'விழுந்த திசை' என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும், செல்போனிலேயே திசைகாட்டி இருக்கிறது. விமான நிலையத்தில் வானிலை அலுவலகம் இருக்கிறது. 1993-ல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் இதே திருச்சியில்தான் இருக்கிறது. இரண்டும் கைகோத்து, கல்லூரி மாணவர்களையும் சேர்த்துக்கொண்டால் ஒரே கோடையில் வரைபடம் கிடைத்துவிடும். ஆனால் காற்றடித்த மறுநாள் காலையிலேயே போயாக வேண்டும். தேறிய தாரை வெட்டி காந்தி மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த கன்று தலையெடுக்கட்டும் என்று இரண்டொரு நாளில் தோட்டத்தைச் சுத்தம் செய்துவிடுவார்கள்.