தேதியில்லாத கடமை

நவம்பர் பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்து வங்கிக் கிளைகளின் தோற்றமே மாறிவிடுகிறது. தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்திலும், இரயில்வேயிலும், அஞ்சல் துறையிலும் பணியாற்றி ஓய்வு பெற்றோர், வாழ்நாள் சான்றிதழ் அளிக்கக் காலையிலேயே வந்து அமர்ந்துவிடுகின்றனர். 2014ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஜீவன் பிரமாண் வழியாக வீட்டிலிருந்தபடியே அளிக்கலாம் என்று நாங்கள் எடுத்துச் சொன்னாலும், கைத்தடி ஊன்றியேனும் நேரில் வருவதே பலருக்கு நிறைவு.

அவர்களிடமே, "தங்கள் வைப்புத்தொகைக்கு நாமினியைப் பதிவு செய்துவிட்டீர்களா?" என்று கேட்கிறோம். "செய்ய வேண்டும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்பதே பெரும்பாலும் விடையாக வருகிறது. வளைகுடாவிலிருந்து மகன் விடுப்பில் வரட்டும் என்பார் ஒருவர். மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார் மற்றொருவர். குடும்பத்தின்மீது அன்பு குறைந்ததாலோ, விவரம் அறியாததாலோ இவ்வாறு சொல்வதில்லை. வாழ்நாள் சான்றிதழுக்கு ஒரு கெடு உண்டு. தவறினால் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படும். நாமினி படிவத்திற்குக் கெடு இல்லை. அதை நிரப்பாவிட்டால் வாடிக்கையாளர் வாழும்வரை எதுவும் நிற்பதில்லை. இடர்ப்பாடு பின்னர், பிறருக்கு வருகிறது.

எண்ணத்திற்கும் செயலுக்கும் இடையிலான இவ்விடைவெளியை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நெடுங்காலம் ஆராய்ந்தவர். 1997இல் வெளியான ஓர் ஆய்வில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளைக் கழித்த விதம் பற்றி இரண்டு நாட்களுக்குள் ஓர் அறிக்கை எழுதியனுப்புமாறு மாணவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். எந்நேரம், எவ்விடத்தில் எழுதுவோம் என்று முன்னரே குறித்துக்கொண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேற்பட்டோர் எழுதி அனுப்பினர். குறித்துக்கொள்ளாதோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. மாதந்தோறும் ஒரு தேதியில் தானாகவே பணம் செல்லும் தொடர் வைப்புக் கணக்கு, மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிப்போம் என்ற உறுதியைக் காட்டிலும் பயன்படுவதற்கும் இதுவே காரணம் என்று கருதுகிறோம்.

பத்தாண்டுகள் இயக்கப்படாத கணக்குகளின் தொகை, ரிசர்வ் வங்கி 2014இல் ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகிறது. 2023 பிப்ரவரி இறுதிவரை பொதுத்துறை வங்கிகள் மட்டும் மாற்றிய தொகை ஏறத்தாழ 35,000 கோடி ரூபாய். இதற்கு நாமினி இன்மை மட்டுமே காரணமன்று. ஊர் மாறியோரும், பழைய கணக்கை மறந்தோரும் உளர். அப்பணம் தொலைந்துவிடுவதுமில்லை. 2023 ஆகஸ்டில் தொடங்கிய உத்கம் இணையதளத்தில் தேடி, உரிய வங்கியின் வழியே திரும்பப் பெறலாம். எனினும் நாமினி இல்லாத கணக்கென்றால், வட்டாட்சியர் அலுவலகத்து வாரிசுச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் கையொப்பம், பெருந்தொகையாயின் நீதிமன்றச் சான்று என வேலை நீளக்கூடும். வாரிசுகளில் ஒருவர் மஸ்கட்டிலும் மற்றொருவர் டொரன்டோவிலும் இருந்தால் அலைச்சலைச் சொல்லவே வேண்டியதில்லை.

நாமினியையும் வாரிசையும் ஒன்றாகக் கருதும் வழக்கமும் தயக்கத்திற்கு ஒரு காரணம். ஒரு பிள்ளையின் பெயரை எழுதினால் மற்றவர் வருந்துவரே என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். நாமினி, பணத்தை வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளர் மட்டுமே. உரிமை சட்டப்படியான வாரிசுகளுக்கோ உயிலில் குறித்தவர்க்கோ உரியது. தவிர, 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்கிற்கு நால்வர் வரை நியமித்து, ஒவ்வொருவருக்கும் இத்தனை விழுக்காடு என்றும் குறிக்கலாம். பெட்டகத்திற்கும் நால்வரை நியமிக்கலாம். ஆனால் ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற வரிசையில் மட்டுமே.

வாழ்நாள் சான்றிதழுக்கு வரும் நாளிலேயே இதையும் முடித்துவிடலாம். நாமினியின் பெயர், முகவரி, வயது, உறவுமுறை ஆகியவற்றைக் கையில் கொண்டு வந்தால் போதும். அவர் நேரில் வரத் தேவையில்லை. சிறுவராயின் அவர் சார்பில் பணம் பெறுவதற்கு ஒரு பெரியவரின் பெயரையும் குறிக்க வேண்டும். கையொப்பமிடுவோர்க்குச் சாட்சி வேண்டியதில்லை. கைரேகை வைப்போர்க்கு இருவர் வேண்டும்.