பட்டம் பார்த்து ஓடுங்கள்

ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும் நேரத்தில் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் அந்த இணைப்பு வந்து விழும். ஜனவரித் தொடக்கத்தில் சென்னை மாரத்தான், பதிவு செய்ய இன்னும் சில நாட்களே. கீழே நாலைந்து பேர் கட்டைவிரல் உயர்த்தியிருப்பார்கள். போன வருடம் பதக்கத்தைக் கடித்தபடி படம் போட்டவர், "பத்து கிலோமீட்டரெல்லாம் சும்மா சார், நேரா ஹாஃப் போடுங்க" என்பார். உங்களுக்கு நாற்பதைத் தொட்ட வயது. தினமும் அரை மணி நடை உண்டு; மூன்றாவது மாடி ஏறினால் லேசாக மூச்சு வாங்கும். என்னால் முடியுமா என்ற கேள்வியோடு பதிவுப் பொத்தானுக்கு மேலே விரல் நிற்கிறது.

அந்தக் கேள்வியை நாம் வழக்கமாக மூச்சிடம்தான் கேட்கிறோம். மூச்சு தாராள மனசுக்காரன். சீக்கிரம் சம்மதம் சொல்லிவிடும். எலும்பும் குதிகாலும் அப்படியல்ல. அவற்றுக்கு வேண்டியது ஊக்கமல்ல, மாதங்கள்.

பாதி தூரம், முழு டேங்க்

முழு மாரத்தானின் 42.195 கிலோமீட்டர் என்ற விநோத அளவு 1908 லண்டன் ஒலிம்பிக்கில் பிறந்தது. விண்ட்சர் கோட்டையில் கிளம்பி ஒயிட் சிட்டி மைதானத்தில் அரச குடும்பத்தார் அமர்ந்த இடத்துக்கு எதிரே முடித்தார்கள். 1921-இல் அதையே நிரந்தர அளவாக்கினார்கள். அதில் சரிபாதி, 21.0975 கிலோமீட்டர், அரை மாரத்தான்.

முதல் முறை ஓடுபவருக்கு இந்தப் பாதி தூரத்தில் ஓர் அனுகூலம் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகும். 65 கிலோ எடைக்காரர் அரை மாரத்தான் ஓடினால் சுமார் 1,370. முழுசாக ஓடினால் அதுபோல் இரு மடங்கு. தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தோ ஏறக்குறைய 2,000 கிலோகலோரிதான். முழு மாரத்தானில் முப்பது கிலோமீட்டர் தாண்டியதும் பலர் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடுவதற்கு இந்த இருப்பு தீர்வதே முக்கியக் காரணம். அரை மாரத்தான் அந்த டேங்குக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. முதல் நாள் இரவு சோறோ இட்லியோ ஒழுங்காகச் சாப்பிட்டவர் எரிபொருளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆறாவது வாரத்தின் மயக்கம்

ஓடத் தொடங்கிய ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் சற்று அதிக ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அடுத்து தசைக்குள் வேலை நடக்கிறது. 1967-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஹாலோசி, எலிகளைப் பன்னிரண்டு வாரம் டிரெட்மில்லில் ஓடவிட்டார். அவற்றின் கால் தசைகளில், ஆக்ஸிஜனைக் கொண்டு சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகள் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தன. பயிற்சி என்பது இதயத்தில் மட்டுமல்ல, தசைச் செல்லுக்குள்ளேயே நடக்கிறது என்று காட்டிய சோதனை அது.

மனிதருக்கும் சில வாரங்களில் இந்த மாற்றம் தெரியத் தொடங்கும். முதல் வாரம் இரண்டு தெரு தாண்டியதும் இடுப்பில் கைவைத்து நின்றவர், ஆறாவது வாரம் பேசிக்கொண்டே ஓடுவார். பேண்ட் தளர்ந்திருக்கும். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆறு கிலோமீட்டரோடு நிறுத்த வேண்டியவர் நண்பர்களோடு பன்னிரண்டு ஓடிவிட்டு வருவார். திங்கட்கிழமை காலை கட்டிலிலிருந்து இறங்கும்போது குதிகால் தரையைத் தொட மறுக்கும்.

நிதானக்காரர்கள்

ஒரு கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்று ஓடினால் அரை மாரத்தான் இரண்டரை மணி நேர வேலை. நிமிடத்துக்கு 160 எட்டு என்று வைத்தாலும் சுமார் 24,000 தடவை பாதம் தரையில் இறங்கும். ஒரு காலுக்குப் பன்னிரண்டாயிரம். ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை அந்த ஒற்றைக் காலில் ஏறும். நெல் மூட்டையைத் தலையில் ஏற்றுவது போன்ற இந்தப் பாரத்தைத் தாங்க வேண்டியவர்கள் எலும்பும் தசைநாணும்.

கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு கட்டியிருக்கும் தடித்த கயிறு குதிகால் நாண். "நரம்பு இழுத்துக்கிச்சு" என்று ஊரில் சொல்வது பல நேரம் இதைத்தான். இதன் வயதை அறிய டென்மார்க் ஆய்வாளர்கள் ஒரு விசித்திரமான கடிகாரத்தைப் பயன்படுத்தினார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 திடீரெனக் கூடி, பிறகு படிப்படியாகக் குறைந்தது. அது உணவு வழியே அந்தக் கால மனிதர்களின் திசுக்களில் ஏறியது. இறந்தவர்களின் குதிகால் நாணில் அந்தக் கார்பனை அளந்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள்: நாணின் உட்பகுதி சுமார் பதினேழு வயதுக்குள் உருவாகிவிடுகிறது, அதன்பின் ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை. உங்கள் தசையின் புரதம் சில மாதங்களுக்கு முந்தையது என்றால் உங்கள் குதிகால் நாண் பிளஸ் டூ படித்த காலத்தது. அதை வலுவேற்ற முடியும், ஆனால் மாதக்கணக்கில் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டித்தான்.

எலும்பின் கதை வேறு. பாரம் கூடினால் எலும்பு முதலில் தன்னையே தோண்டுகிறது. பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்கள் சில வாரங்கள் வேலை செய்து குழி பறிக்கின்றன. அதன்பின் வரும் செல்கள் அந்தக் குழியைப் புது எலும்பால் நிரப்பச் சுமார் மூன்று மாதம் ஆகிறது. சாலையைப் பெயர்த்துப் போட்டுவிட்டுத் தார் ஊற்றக் காத்திருக்கும் இடைவெளி இது. முடிவில் எலும்பு முன்பைவிட உறுதியாகும். நடுவில் சில வாரங்கள் அது முன்பைவிட வலுக்குறைவானது. அப்போது பாரத்தை அதிரடியாகக் கூட்டினால் மயிரிழை விரிசல் விழும். 1855-இல் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட், நெடுந்தூரம் அணிவகுத்த படைவீரர்களின் பாதம் காரணமின்றி வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது எலும்பு விரிசல் என்று தெரிந்தது. இன்றைய புது ஓட்டக்காரர்களும் அதே பாதங்களோடு மருத்துவரிடம் போகிறார்கள்.

ஆறாவது வாரம் ஏன் ஆபத்தானது என்பது இப்போது விளங்கும். மூச்சு தயாராகிவிட்டது, எலும்பு இன்னும் பாதி வேலையில் இருக்கிறது.

எவ்வளவு கூட்டலாம்?

வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்பது ஓட்டக்காரர்களின் பழைய விதி. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் அதைச் சோதித்தார்கள். 532 புதியவர்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பத்து சதவீதக் கணக்கில் 13 வாரம், மறு குழுவுக்கு வழக்கமான 8 வாரம். 2008-இல் வந்த முடிவில் இரு பக்கமும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம். நிதானமாகக் கூட்டியதால் தனி லாபம் எதுவும் தெரியவில்லை.

அப்படியானால் விதி பொய்யா? 2025-இல் 5,200-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் கைக்கடிகாரப் பதிவுகளை அலசிய ஆய்வு வேறு இடத்தைச் சுட்டியது. வாரக் கூட்டுத்தொகையைவிட, ஒரே ஓட்டத்தில் அடிக்கும் தாவல்தான் காயத்தோடு ஒட்டி நின்றது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட ஒரு நாள் பத்து சதவீதத்துக்கு மேல் ஓடினால் காயத்தின் வாய்ப்பு கூடியது. இரட்டிப்புக்கு மேல் ஓடியவர்களுக்கு அந்த வாய்ப்பே இரட்டிப்புக்கு மேலானது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பன்னிரண்டு கிலோமீட்டர் நினைவிருக்கிறதா?

இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு காலண்டரை எடுங்கள். இன்று 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடக்கூடியவர், நீண்ட ஓட்டத்தை வாரம் பத்து சதவீதம் கூட்டிப் போனால் 19 கிலோமீட்டரைத் தொடப் பதினான்கு வாரம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை எலும்புக்கு மூச்சுவிட ஓர் இலகு வாரம் சேர்த்தால் பதினெட்டு. போட்டிக்கு முன் தூரத்தைக் குறைத்து ஓய்வெடுக்க இரண்டு. ஆக, இருபது வாரம். ஜனவரித் தொடக்கத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஆகஸ்ட் நடுவில், ஆவணி பிறக்கும்போது போய் நிற்கும். 5 கிலோமீட்டரே ஓட முடியாதவர் நடையும் ஓட்டமும் கலந்து அந்த நிலைக்கு வர இன்னும் ஒன்பது வாரம் வேண்டும். அவருக்கு ஆனி முதல் வாரம். ஆடிப் பட்டம் தேடி விதைத்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்கழியில் ஓட வேண்டுமென்றால் ஆனியிலோ ஆவணியிலோ விதைத்திருக்க வேண்டும்.

வியர்வை சொட்டினால் போதாது

ஆவணியில் தொடங்குவதில் சென்னைவாசிக்கு ஒரு சங்கடம் உண்டு: புழுக்கம். ஓடும்போது செலவாகும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிப்படும். 65 கிலோக்காரர் மணிக்கு எட்டரை கிலோமீட்டரில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 400 கிலோகலோரிக்கு மேல் வெப்பம். அது வெளியேறவே வழியில்லை என்றால் எட்டு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடல் சூடேறும். காப்பாற்றுவது வியர்வை, ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். ஆவியானால்தான். மூக்கு நுனியிலிருந்து சொட்டித் தரையில் விழும் துளி உடலைக் குளிர்விப்பதில்லை. விடிகாலையில் வெயில் இல்லை, ஆனால் காற்றின் ஈரப்பதம் அப்போதுதான் உச்சம். அதனால் பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஐந்தரை மணிக்கு ஓடினாலும் பனியன் பிழியும்படி நனைகிறது.

வேகத்தைக் குறைப்பதே இதற்கு மருந்து. முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடினால் போதும். இரண்டு வாரத்தில் உடல் சீக்கிரமாகவே வியர்க்கக் கற்றுக்கொள்ளும். தாகத்துக்குக் குடியுங்கள், பயத்துக்குக் குடிக்காதீர்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்ததே அதன் முக்கிய அடையாளம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு வாரம் தெருவில் இறங்க முடியாமல் போகலாம். போனது போகட்டும். விட்டதைப் பிடிக்கிறேன் என்று மூன்றாவது ஞாயிறு பாய்வதுதான் தவறு.

யார் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை நடந்த நெடுந்தூர ஓட்டங்களில் கலந்துகொண்ட 1.09 கோடிப் பேரில் 59 பேருக்கு ஓட்டத்தின்போது இதயத்துடிப்பு நின்றது. முழு மாரத்தானில் லட்சத்துக்கு ஒருவர். அரை மாரத்தானில் ஏறக்குறைய நாலு லட்சத்துக்கு ஒருவர். அபாயம் மிகக் குறைவு. ஆனால் நம் தெற்காசிய இதயத்துக்கு ஒரு தனிக் குறிப்பு உண்டு. பல நாடுகளை ஒப்பிட்ட இன்டர்ஹார்ட் ஆய்வில் முதல் மாரடைப்பின் சராசரி வயது தெற்காசியருக்கு 53, மற்றவர்களுக்கு 58.8. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், நடக்கும்போது நெஞ்சு இறுக்கம் வந்திருந்தாலும், ஷூ வாங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

பெண்கள் ஹீமோகுளோபின் அளவையும் பார்த்துக்கொள்வது நல்லது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 15–49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மூச்சு வாங்குவதைச் சோம்பல் என்று தன்னைத் தானே திட்டிக்கொள்ளும் பலருக்குக் குறை இரும்புச்சத்தில் இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் மாதவிலக்கு தள்ளிப்போனால் அதைச் சாதாரணமாக விடக்கூடாது. செலவுக்கேற்ற சாப்பாடு இல்லை என்பதன் அறிகுறி அது, எலும்பையும் பாதிக்கும்.

"ஓடினா முட்டி தேஞ்சிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் இடுப்பு, முழங்கால் தேய்மானம் சாதாரண ஓட்டக்காரர்களில் 3.5 சதவீதம், ஓடாதவர்களில் 10.2; போட்டிக்காகவே வாழும் ஓட்டக்காரர்களில் 13.3. முட்டி வலிக்காரர்கள் ஓடவே வரமாட்டார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனாலும் மிதமாக ஓடுவது முட்டியைத் தேய்த்துவிடும் என்ற பயத்துக்கு இதில் ஆதாரம் இல்லை.

லாபம் எங்கே இருக்கிறது?

லண்டன் மாரத்தானை முதன்முறையாக ஓடத் தயாரான 138 பேரின் பெருந்தமனியைப் பயிற்சிக்கு முன்னும் ஓட்டத்துக்குப் பின்னும் ஸ்கேன் செய்தார்கள். 2020-இல் முடிவு வந்தது. வயதாக ஆக விறைக்கும் அந்தக் குழாய் சுமார் நான்கு வயது இளகியிருந்தது; ரத்த அழுத்தமும் சற்றுக் குறைந்திருந்தது. வயது கூடியவர்களுக்கும் மெதுவாக ஓடியவர்களுக்கும் பலன் அதிகம். அவர்களுக்குச் சொல்லப்பட்ட பயிற்சி வாரம் 10 முதல் 20 கிலோமீட்டர்தான். அந்த நான்கு வயது பதக்கம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமையில் கிடைத்ததல்ல. அதற்கு முந்தைய சாதாரணச் செவ்வாய், வியாழன்களில் சேர்ந்தது.

இப்போது பதிவுப் பொத்தானுக்குத் திரும்புவோம். ஐப்பசியில் அந்தச் செய்தி வந்தபோது கையில் இருந்தது பதினோரு வாரம். கடைசி ஓய்வு இரண்டு, இலகு வாரம் இரண்டு கழித்தால் ஏழு. 5 கிலோமீட்டரில் தொடங்குபவர் ஏழு வாரத்தில் பத்து சதவீத விதிப்படி எட்டும் தூரம் 9.7. அதாவது, குழுவில் "சும்மா" என்று ஒதுக்கப்பட்ட அதே பத்து. நடை மட்டுமே பழகியவர் அந்தப் பத்தையே நடந்தும் ஓடியும் முடிக்கலாம்.

எனவே இந்த மார்கழிக்குப் பத்தை அழுத்துங்கள். பிறகு புது வருடத் தினசரிக் காலண்டர் சுவரில் ஏறியதும் ஆனிக்குப் புரட்டி, முதல் தேதியில் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். அரை மாரத்தானுக்கான பதிவு அதுதான்.