சிலிக்கான் வேலியும் சிலிக்கோசிஸும் ஒரே குடும்பமா? பீங்கான் ஊர்க்காரர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய சொல்

ஃப்யூஸ் கேரியர், இன்சுலேட்டர், பொம்மை... விருத்தாசலம் என்றாலே பீங்கான்தான். அதைப் படிக்கவே அங்கே தனிக் கல்வி நிலையம் இருக்கு. கருவேப்பிலங்குறிச்சி போன்ற சுற்றுவட்டார ஊர்களுக்கு இது பக்கத்து வீட்டுத் தொழில். அந்தத் தொழிலோடு ஒட்டிய ஆங்கிலச் சொல் ஒன்று: சிலிக்கோசிஸ்.

லத்தீனில் 'சைலெக்ஸ்' என்றால் சிக்கிமுக்கிக் கல். நம்ம போன் சிப்பில் இருக்கும் 'சிலிக்கான்' பிறந்ததும் இதே வேரில்தான். அதோடு நோய் நிலையைக் குறிக்கும் கிரேக்க விகுதி 'ஓசிஸ்' சேர்ந்தால், கல் தூசியால் நுரையீரலுக்கு வரும் நோய். 1870-ல் இத்தாலிய மருத்துவர் விஸ்கோன்டி வைத்த பெயர் இது.

ஆங்கிலத்தின் மிக நீளமான சொல் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுமே, 'நிமோனோஅல்ட்ரா...' என ஆரம்பிக்கும் 45 எழுத்துச் சொல்? அதுவும் கிட்டத்தட்ட இதே நோய்தான். அமெரிக்கப் புதிர்ப் பிரியர்கள் சங்கத் தலைவர் எவரெட் ஸ்மித் 1935-ல் விளையாட்டாக உருவாக்கியது. நோய் என்னவோ விளையாட்டு இல்லை.

பீங்கானில் களிமண்ணோடு குவார்ட்ஸும் சேரும். அதன் நுண்தூசி மூச்சோடு உள்ளே போனால், அதை விழுங்கும் பாதுகாப்பு செல்கள் செத்துப்போகும். அந்த இடம் தழும்பாக இறுகும். பல வருஷம் கழித்துத்தான் மூச்சிரைப்பு தெரியும். தழும்பை ஆற்ற மருந்து இல்லை.

பெயர் வருவதற்கு முன்பே இங்கிலாந்துக் குயவர்களுக்கு இது தெரியும். பாண்டம் வெள்ளையாக வர சிக்கிமுக்கிக் கல்லைப் பொடித்துக் கலந்தார்கள். பொடித்தவர்கள் இருமிச் செத்தார்கள். கல்லைத் தண்ணீரில் நனைத்து அரைக்கும் முறைக்கு தாமஸ் பென்சன் 1726-லேயே காப்புரிமை வாங்கினார். ஆக, தீர்வுக்கு வயசு 300!

இன்றும் அடிப்படை அதேதான்: காய்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கணும். முகத்தில் கட்டும் துண்டு இந்த நுண்தூசியைத் தடுக்காது.

இன்னொரு சிக்கல் டிபி. எக்ஸ்ரேயில் இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. சிலிக்கோசிஸ் இருப்பவருக்கு டிபி எளிதில் தொற்றவும் செய்யும். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில், மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இது இடம்பெற்றது. ஆனால் நோயாளி என்ன வேலை பார்த்தார் என்பதே தெரியாவிட்டால் டாக்டர் எதைத் தெரிவிப்பார்? அப்பாவையோ சித்தியையோ இருமலுக்காக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது, பட்டறையில் எத்தனை வருஷம், எந்த வேலை என்பதையும் சேர்த்துச் சொல்லிடுங்க.