மேஸ்திரிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம்!

பட்டறையில் ஒரு பையன் வேலைக்குச் சேருகிறான். மேஸ்திரி தொழிலில் புலி. ஆனால் அவர் சொல்லிக்கொடுக்கும் விதம் எப்படி?

"பார்த்துக்கொள்!" என்பார். கை மின்னல் வேகத்தில் ஓடும். வேலை முடிந்துவிடும்.

"இப்போது நீ செய்!" என்பார்.

பையன் தப்பாகச் செய்வான். "உன் மண்டையில் ஒன்றும் ஏறாது!" என்று திட்டு விழும். பத்து நாளில் பையன் ஓடியே போய்விடுவான்.

குற்றம் யாருடையது?

"சொல்லிக்கொடுத்தவருடையதுதான்" என்று தீர்ப்புக் கூறியது ஒரு சர்க்கார் இலாகா! அதோடு நிற்கவில்லை. லட்சக்கணக்கான மேஸ்திரிகளை உட்காரவைத்துப் பாடமும் நடத்தியது.

நடந்த இடம் அமெரிக்கா.

350 பேர் எங்கே?

அது 1940-ம் ஆண்டு. ஐரோப்பாவில் இரண்டாவது உலக யுத்தம் மூண்டிருந்தது. அமெரிக்கா இன்னும் களத்தில் இறங்கவில்லை. ஆனால் ஆயுத உற்பத்தி தொடங்கிவிட்டது.

பீரங்கிக்குக் குறி பார்க்கும் கருவிக்கு "லென்ஸ்" வேண்டும். கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து லென்ஸ் செய்யத் தெரிந்தவர்கள் 350 பேர் தேவைப்பட்டார்கள். கிடைக்கவில்லை! ஒருவர் அதில் தேர்ச்சி பெறப் பல ஆண்டுகள் ஆகும் என்றார்கள். யுத்தம் அதுவரை காத்திருக்குமா?

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம்தான் சர்க்கார் ஒரு புதிய இலாகாவை அமைத்திருந்தது. "தொழிற்சாலைக்குள் பயிற்சி" என்பது அதன் பெயரின் பொருள். சுருக்கமாக, டி.டபிள்யூ.ஐ. அதன் தலைவர் சானிங் டூலி. துணைவர் வால்டர் டீட்ஸ். இருவரும் பெரிய கம்பெனிகளில் ஆட்களைப் பழக்கி அனுபவம் பெற்றவர்கள்.

இலாகாவினர் நேரே பட்டறைக்குப் போனார்கள். தேர்ந்த தொழிலாளி என்னென்ன செய்கிறார் என்று கூடவே நின்று கவனித்தார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதினார்கள்.

அப்போது ஓர் உண்மை தெரிந்தது. "லென்ஸ் வேலை" என்பது ஒரே வேலை அல்ல. பல சிறு வேலைகள் சேர்ந்தது. அவற்றில் பலவற்றைப் புதியவர்களே சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம். மிகக் கடினமான சிலவற்றுக்கு மட்டுமே கைதேர்ந்தவர் வேண்டும்.

ஆண்டுக்கணக்கில் நடந்த பயிற்சி மாதக்கணக்கில் முடிந்தது!

முடிச்சுப் பாடம்

பிறகு யுத்தம் அமெரிக்காவையும் இழுத்துக்கொண்டது. ஆண்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். ஆலையையே பார்த்திராத பெண்கள் லட்சக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள். இவர்களுக்கு யார் கற்றுத்தருவது? மேஸ்திரிகள்தான். மேஸ்திரிகளுக்கு யார் கற்றுத்தருவது?

இலாகா வகுப்பு நடத்தியது. தினம் 2 மணி நேரம். 5 நாள். ஒரு வகுப்பில் சுமார் 10 பேர்.

முதல் பாடம் வேடிக்கையானது. மின்விளக்குக் கம்பியில் ஒரு முடிச்சுப் போடவேண்டும். விளக்கின் பாரம் திருகாணியில் விழாமல் தாங்கும் முடிச்சு அது.

ஆசிரியர் ஒருவரை அழைப்பார். முடிச்சை எப்படிப் போடுவது என்று வாயால் மட்டும் விளக்குவார். அவரால் போடமுடியாது! இன்னொருவரை அழைப்பார். இப்போது வாய் திறக்காமல் போட்டு மட்டும் காட்டுவார். அவருக்கும் வராது!

மூன்றாம் முறை ஆசிரியர் வேறு விதமாகத் தொடங்குவார்.

முதலில் ஆளின் பயத்தைப் போக்குவார். ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பார். எதிரே நிற்கவைக்கமாட்டார், தம் பக்கத்திலேயே நிறுத்துவார். எதிரே நின்றால் இடது வலதாகத் தெரியுமே! பிறகு சொல்லிக்கொண்டே செய்து காட்டுவார். ஒரு தடவைக்கு ஒரு படி. எந்த இடத்தில் பிசகினால் வேலை கெடும், எந்த இடத்தில் கை போகும் என்ற சூட்சுமங்களை அழுத்திச் சொல்லுவார். மூன்றாவதாக, அவரையே செய்யச் சொல்லுவார். செய்துகொண்டே விளக்கவும் சொல்லுவார். தப்பை அங்கேயே திருத்துவார். கடைசியாகத் தனியே விடுவார். சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று சொல்லிவைப்பார். அடிக்கடி வந்தும் பார்ப்பார்.

முடிச்சு விழுந்துவிடும்!

இந்த நான்காவது படியில்தான் நம் ஊர் மேஸ்திரிகள் பலர் கோட்டை விடுகிறார்கள். சந்தேகம் கேட்ட பையனை "இதுகூடத் தெரியாதா?" என்று அதட்டினால், அவன் மறுபடி கேட்பானா? கேட்காமலே இயந்திரத்தில் கை வைப்பான். விரலை இழப்பான்.

இந்த நான்கு படிகளும் முதல் உலக யுத்தக் காலத்தில் பிறந்தவை. கப்பல் கட்டும் ஆட்களைப் பழக்குவதற்காக, சார்லஸ் ஆலன் என்ற தொழிற்கல்வி ஆசிரியர் வகுத்தார். டூலி குழுவினர் அதைச் சட்டைப்பையில் அடங்கும் ஒரு சிறு அட்டையில் அச்சிட்டு மேஸ்திரிகளிடம் கொடுத்தார்கள். கற்பவனுக்கு வரவில்லை என்றால் கற்பித்தவர் சரியாகக் கற்பிக்கவில்லை என்பதே அந்த அட்டை சொன்ன சேதி.

ஆட்களை நடத்தும் விதத்துக்கும், வேலையை எளிதாக்கும் விதத்துக்கும் தனித்தனி வகுப்புகள் வந்தன. தகராறு வந்தால் உடனே தண்டிக்காதே, முதலில் நடந்ததை முழுவதும் விசாரி என்று ஒன்றில் கற்பித்தார்கள்.

பலன் உண்டா?

1945-ல் யுத்தம் முடிந்தது. இலாகாவும் மூடப்பட்டது. அதற்குள் 16,500-க்கு மேற்பட்ட ஆலைகளில் சுமார் பதினேழரை லட்சம் பேர் பயிற்சி பெற்றிருந்தார்கள்.

உற்பத்தி பெருகியது என்று இலாகா கணக்குக் காட்டியது. ஆனால் தன் வேலைக்குத் தானே மார்க் போட்டுக்கொண்டால் எப்படி நம்புவது? பியாங்கி, ஜோர்செல்லி என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் பழைய காகிதங்களைத் தேடி எடுத்தார்கள். பயிற்சி கேட்டு மனுப்போட்ட கம்பெனிகள் 11,575. பயிற்சி கிடைத்தவையும் உண்டு, கிடைக்காதவையும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டார்கள். பயிற்சி பெற்றவை பிந்திய ஆண்டுகளிலும் முன்னேறியே இருந்தன என்று கண்டார்கள். இந்த ஆராய்ச்சி வெளியானது 2022-ல்!

கடல் தாண்டிய பாடம்

யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்கா இந்தப் பாடத்தை ஏறக்குறைய மறந்தே போனது. ஜப்பான் பிடித்துக்கொண்டது. 1951-ல் அமெரிக்கப் பயிற்சியாளர்கள் அங்கே போய்ப் பாடம் நடத்தினார்கள். "டொயோட்டா" மோட்டார் கம்பெனி அந்த நான்கு படிகளைத் தன் முறையாகவே ஆக்கிக்கொண்டது.

1984-ல் டொயோட்டா, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து, கலிபோர்னியாவில் கார் தயாரிக்கத் தொடங்கியது. அமெரிக்கத் தொழிலாளர்களுக்கு ஜப்பானிய முறையைக் கற்பிக்கவேண்டும். அதற்கான பாடங்களைத் தயாரித்தவர்களில் ஒருவர் ஜான் ஷூக். டொயோட்டாவில் வேலை பார்த்த அமெரிக்கர். பாடத்தில் சில இடங்கள் அவருக்குப் பிடிபடவில்லை. அவர் திணறுவதைப் பார்த்த ஜப்பானிய சகா ஒருவர், பின்னறைக்குப் போய் ஒரு பழைய புத்தகத்தை எடுத்துவந்தார்.

தாள் மஞ்சளாகிவிட்டது. மூலைகள் மடங்கியிருந்தன. காப்பிக் கறை வேறு.

அது முப்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவிலிருந்து வந்த டி.டபிள்யூ.ஐ. பாடப்புத்தகம். ஆங்கிலத்தில் இருந்தது!